'ஆட்டோ சங்கர்' தொடரும் நம் ஊர் முகவரியும்



2019 ஏப்ரலில் ஜீ5 தளத்தில் 'ஆட்டோ சங்கர்' இணையத் தொடர் வெளியானது. 'அங்கமாலி டைரீஸ்' படத்தில் அறிமுகமான மலையாள நடிகர் அப்பானி சரத் சங்கராக நடித்தார். தமிழ்நாட்டின் மற்ற ஊர்க்காரர்களுக்கு அது இன்னொரு குற்றத் தொடர். தரமணி, திருவான்மியூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. "இது நம்ம ஏரியா" என்று சொல்லிக்கொண்டு பார்த்தார்கள். தங்கள் தெருவின் பெயர் திரையில் வருவதில் யாருக்கும் ஒரு கிளுகிளுப்பு இருக்கும். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தொடர் முடிந்த பிறகும் அந்தப் பெயர் நம்மோடு வருகிறது. வேலை கேட்டுப் போகும் இடத்துக்கு வருகிறது, வாடகைக்கு வீடு கேட்கும் இடத்துக்கு வருகிறது, ராத்திரி வாகனச் சோதனையில் உரிமத்தைக் காட்டும்போதும் வருகிறது.

இந்தக் கட்டுரை தொடருக்கான விமர்சனம் அல்ல. நடிப்பு எப்படி, ஒளிப்பதிவு எப்படி என்று சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் கேட்க விரும்புவது ஒரே கேள்வி. ஒரு குற்றம் நடப்பதற்குச் சட்டம், காசு, அதிகாரம், வாடிக்கையாளர் என்று பல கைகள் சேர்ந்திருக்கும்போது, கடைசியில் பழி மட்டும் ஏன் ஏழைகள் வாழும் இடத்தின் பெயரில் போய் ஒட்டிக்கொள்கிறது? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நடந்தது என்ன?

முதலில் வழக்கு. கௌரிசங்கர் என்கிற ஆட்டோ சங்கர் வேலூர் பக்கத்துக் காங்கேயநல்லூரைச் சேர்ந்தவர். சென்னைக்கு வந்து பெயிண்டராக வேலை பார்த்தார், பிறகு ஆட்டோ ஓட்டினார். கடற்கரைக் குப்பங்களிலிருந்து சாராயம் கடத்தினார். அதிலிருந்து பெண்களை வைத்துப் பாலியல் தொழில் நடத்தும் நிலைக்குப் 'வளர்ந்தார்'. இருப்பிடம் திருவான்மியூர் பெரியார் நகர், தரமணிக்குப் பக்கத்திலேயே. 1987, 1988 ஆண்டுகளில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். 1988 ஜூலையில் விஷயம் வெளியே வந்து, புதைக்கப்பட்ட உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. எம்.ஜி.ஆர். இறந்து, ஆட்சி கலைக்கப்பட்டு, தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்த நேரம் அது.

1990 ஆகஸ்டில் சங்கர் சென்னை மத்தியச் சிறையிலிருந்து தப்பினார். ஒடிசாவின் ரூர்கேலாவில் பிடிபட்டார். தப்பிக்க உதவியதற்காகச் சிறைக் காவலர்கள் மூன்று பேர் உட்பட ஐந்து பேருக்கு ஆறு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. 1991 மே மாதம் செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் சங்கருக்கும் கூட்டாளிகள் இருவருக்கும் மரண தண்டனை அளித்தது. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார்.

இதில் சங்கருக்காக வாதாட நமக்கு எதுவும் இல்லை. சில பிள்ளைகள் அவரை ஏழைகளின் நாயகன் போலப் பேசுவதையும், தொடரின் வசனங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதையும் பார்க்கிறேன். பெண்களை விற்றுப் பிழைத்த ஒருவர், எதிர்த்தவர்களைக் கொன்ற ஒருவர், எந்த ஏழைக்கும் நாயகன் ஆக முடியாது. கொல்லப்பட்ட ஆறு பேரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொன்றவரின் பட்டப்பெயர் முப்பது ஆண்டுகள் தாண்டியும் ஊருக்கே தெரியும். (அந்த ஆறு பெயர்களையும் நான் இங்கே எழுதவில்லை. அவர்களின் குடும்பங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.)

அந்தப் பட்டப்பெயரையே பாருங்கள். ஒரு தொழிலின் பெயர் கொலைகாரரின் முன்னொட்டாகிவிட்டது. தொண்ணூறுகளில் "வீட்டுக்கு ஆட்டோ வரும்" என்றாலே அடியாட்கள் வருவார்கள் என்று பொருள். ஆட்டோ ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஆயிரக்கணக்கான அப்பாக்கள் அந்தச் சொல்லைச் சுமந்தார்கள்.

தீர்ப்புக்கு முன்னால் வந்த படம்

2019 தொடர்தான் முதல் முயற்சி என்று நினைக்க வேண்டாம். 1990 பொங்கலுக்கு ஆர்.கே. செல்வமணியின் 'புலன் விசாரணை' வந்தது. ஆட்டோ சங்கர் வழக்கைத் தழுவிய கதை, விஜயகாந்த் காவல்துறை அதிகாரி. தேதியைக் கவனியுங்கள். தீர்ப்பு வந்தது 1991 மே மாதம். நீதிமன்றம் சொல்வதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே திரை தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில் காவல்துறைதான் மீட்பர்.

இந்தக் கதைகள் எங்கிருந்து தயாராகி வந்தன? பெரும்பாலும் நமக்குக் கூப்பிடு தூரத்தில்தான். அரசுத் திரைப்படக் கல்லூரி தரமணியில் இருக்கிறது. அதன் மாணவர்கள் சேர்ந்து எடுத்த 'ஊமை விழிகள்' (1986) பெண்கள் காணாமல் போகும் குற்றக் கதைதான். 1994-ல் திறக்கப்பட்ட திரைப்பட நகரமும் தரமணியில்தான். பத்திரிகையாளர்களை உருவாக்கும் கல்லூரியும் இதே ஊரில் இருக்கிறது. கதை சொல்லும் தொழிலுக்கு இவ்வளவு நிலம் கொடுத்த ஊர் இது. ஆனால் இந்த ஊர் மக்களுக்கு அந்தக் கதைகளில் கிடைத்த இடம், பின்னணியில் நிற்கும் கூட்டம்.

இன்னொன்று. அந்தத் திரைப்படக் கல்லூரியைச் சென்னையில் யாரும் தரமணிக் கல்லூரி என்று சொல்வதில்லை, 'அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்' என்பார்கள். 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டைடல் பூங்காவுக்குப் பிறகு வளர்ந்த கண்ணாடிக் கட்டடங்கள் 'ஓ.எம்.ஆர்.' ஆகிவிட்டன. நல்லது நடந்தால் அடையாறு, காசு புரண்டால் ஓ.எம்.ஆர். கத்திக்குத்து நடந்தால் மட்டும் செய்தியில் 'தரமணி குடிசைப் பகுதி' என்று முழு முகவரி வரும்.

சாராயத்தைக் குற்றமாக்கியது யார்?

சங்கரின் கதையைச் சொல்லும் யாரும் சாராயத்தைத் தவிர்க்க முடியாது. ஆனால் சாராயக் கடத்தல் எப்படிப் பிறந்தது என்பதைத் திரை சொல்வதில்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.

1937-ல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதும் வந்துவிட்டது. 1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974-ல் மீண்டும் கொண்டுவந்தது. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு சாராய, கள்ளுக் கடைகளைத் திறந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987-ல் சாராயமும் கள்ளும் மறுபடி தடை. 1990-ல் மலிவு விலை மது, 1991-ல் அதற்கும் தடை. 2003 முதல் சில்லறை விற்பனையே அரசின் கையில்.

ஒரே சரக்கு ஓர் ஆண்டு குற்றம், மறு ஆண்டு அரசு வருமானம். சட்டம் இப்படி முன்னும் பின்னும் போகும்போதெல்லாம் இடையில் ஒரு கள்ளச் சந்தை பிறந்தது. அதன் லாபம் மேலே போனது, மாமூல் காக்கிச்சட்டைக்குப் போனது. கேன் தூக்கியவர், சைக்கிளில் டியூப் கட்டிக் கடத்தியவர், குடிசையில் வைத்து விற்ற விதவைப் பெண் ஆகியோரின் பெயர்தான் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறியது. குப்பத்தையும் சேரியையும் 'சாராயம் விற்கும் இடம்' என்று சொல்கிறவர்கள் இந்த ஆண்டுகளின் பட்டியலை ஒருமுறை படிக்க வேண்டும். இப்போது அரசே விற்கிறது. யாரும் தலைமைச் செயலகத்தைச் சாராயம் விற்கும் இடம் என்று சொல்வதில்லை.

பரம்பரைக் குற்றவாளி என்ற பழைய கற்பனை

குற்றத்தை ஆளிடம் தேடாமல் பிறப்பில் தேடுவது ஆங்கிலேயர் சட்டமாக்கிய பழக்கம். 1871-ல் குற்றப் பழங்குடிகள் சட்டம் வட இந்தியாவில் வந்தது. 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தையே பட்டியலில் சேர்ப்பார்கள். அதில் பிறந்த ஆண்களின் ரேகை பதிவாகும், ராத்திரியில் காவலர் முன் ஆஜராக வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதி வேண்டும். குறவர்கள், பிறமலைக் கள்ளர்கள் எனப் பல சமூகங்கள் இதில் சிக்கின. ரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. இன்றைய சாதி அரசியலில் நமக்கு எதிரில் நிற்கிறவர்களின் முன்னோர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. அவர்களும் மறக்கக் கூடாது.

அம்பேத்கர் 1948-ல் வெளியிட்ட 'தீண்டப்படாதோர்' நூலின் முன்னுரையில் குற்றப் பழங்குடிகளையும் ஆதிவாசிகளையும் தீண்டப்படாதோரையும் ஒரே வரிசையில் வைத்தார். கோடிக்கணக்கான மனிதர்களைத் திருட்டால் பிழைக்கவும், காட்டில் ஒதுங்கவும், தொட்டால் தீட்டு என்று விலக்கி வைக்கவும் விட்ட ஒரு நாகரிகம், நாகரிகம்தானா என்பது அவர் கேள்வி. குற்றவாளி எப்படிப்பட்டவன் என்று கேட்பதற்கு முன், எப்படிப்பட்ட சமூகம் அவனை உருவாக்கியது என்று கேட்டார். குற்றத் தொடர்கள் கேட்க மறுக்கும் கேள்வி அதுதான்.

சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுவதும் 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் இடத்தில் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்கள் வந்து உட்கார்ந்தன. 2024 அக்டோபரில்தான், சுகன்யா சாந்தா வழக்கில், சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சிறை விதிகளையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது. சட்டம் செத்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதன் பார்வை சாகவில்லை. 2017-ல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' பவாரியா சமூகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கொலை செய்கிறவர்களாகக் காட்டியது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அந்த மக்கள் பட்டியல் சாதியினர் என்பது தியேட்டரில் கைதட்டிய பலருக்குத் தெரியாது.

பிறப்பைச் சொல்லிக் கைது செய்வது வெளிப்படையாக முடியாமல் போனபோது இடம் அந்த வேலையைச் செய்தது. 1982-ல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் வந்தது. அப்போது அதற்கு இருந்த முழுப் பெயரைப் படித்துப் பாருங்கள். கள்ளச்சாராயக்காரர், மருந்துப்பொருள் குற்றவாளி, குண்டர், பாலியல் தொழில் குற்றவாளி, குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர். 'குடிசைப் பகுதி' என்ற சொல் சட்டத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. சதுப்பு நிலத்தை வளைத்தவர்களுக்கோ ஏரியை மூடி மனை போட்டவர்களுக்கோ அந்தத் தலைப்பில் தனி வகை எதுவும் ஒதுக்கப்படவில்லை. விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எப்படிச் சுருங்கியது, வேளச்சேரி ஏரி எப்படிச் சுருங்கியது என்று யாராவது குற்றத் தொடர் எடுத்தால் நானே முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.

அதிகாரிகளின் பெயர் எங்கே போனது?

சங்கர் வழக்கின் இன்னொரு பாதி நம் மாணவர்கள், குறிப்பாகச் சட்டம் படிப்பவர்கள், தெரிந்துகொள்ள வேண்டியது. சிறையில் இருந்தபோது சங்கர் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். அதை 'நக்கீரன்' வெளியிட முன்வந்தது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருக்குத் தன்னோடு இருந்த நெருக்கத்தை, சிலர் குற்றங்களில் கூட்டாளிகளாக இருந்ததை அதில் எழுதியிருந்ததாகப் பத்திரிகை சொன்னது. அது பொய், வெளியிட்டால் நடவடிக்கை என்று 1994 ஜூனில் சிறைத் துறைத் தலைமையிடமிருந்து கடிதம் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

1994 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டி, எஸ்.சி. சென் அமர்வு தீர்ப்பளித்தது. இதுதான் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு. தங்களுக்கு அவதூறு வரும் என்று அஞ்சி ஓர் எழுத்தை வெளியாகும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை என்றது நீதிமன்றம். நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இருப்பதை யாரும் எழுதலாம், அதைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கையை அவர் சம்மதமின்றி எழுதக் கூடாது என்றது. பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்று விதிவிலக்கும் வைத்தது. 2017-ல் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்த புட்டசாமி தீர்ப்பிலும் இந்த வழக்கு பேசப்படுகிறது.

நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் சொல்லித்தரப்படும் ஒரு தீர்ப்பு நம் தெருவின் கதையிலிருந்து பிறந்தது. அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் உரிமையை அது உறுதி செய்தது. ஆனால் சங்கர் கதையைச் சுற்றி வளர்ந்த பொது நினைவில் என்ன மிஞ்சியது? ஆட்டோ, குடிசை, சாராயம், நடனம். வாடிக்கையாளராக வந்த பெரிய மனிதர்கள் பெயரில்லாத நிழல்களாகிவிட்டார்கள். தூக்குக் கயிறு ஒருவருடைய கழுத்துக்குப் போனது, அவப்பெயர் ஓர் ஊருக்குப் போனது, மற்றவர்கள் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

இடத்தின் மீது விழும் இழிவு

பிரெஞ்சு சமூகவியலாளர் லோயிக் வாக்காண் இதற்கு 'இடம் சார்ந்த இழிவு' என்று பெயர் வைத்தார். பாரிஸ் புறநகரிலும் சிகாகோவின் கறுப்பர் பகுதியிலும் ஒருவரின் முகவரியே அவர் மீது ஒட்டப்பட்ட கறையாக மாறுவதை அவர் ஆராய்ந்தார். அதற்கு முன்பே, 1978-ல், ஸ்டூவர்ட் ஹாலும் நண்பர்களும் பிரிட்டனில் வழிப்பறி பற்றிய பத்திரிகைக் கூச்சல் எப்படிக் கறுப்பின இளைஞர்களையே குற்றத்தின் முகமாக்கியது என்று ஒரு நூலே எழுதினார்கள். நமக்கு இது புதிதல்ல. ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தையே பிரித்து வைத்த நாடு இது. முகவரி கேட்டால் சாதி தெரிந்துவிடும் என்பது இங்கே ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

2012-ஐ நினைத்துப் பாருங்கள். பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிக் கொள்ளைகள் நடந்தன. பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு, வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. மோதல் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்பின. அவர்கள் குற்றவாளிகளா என்று எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்லும் வாய்ப்பே இல்லாமல் போனது. தொடர்ந்து, வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவு வந்தது. இந்த ஐ.டி. கட்டடங்களைக் கட்டிய வடமாநிலத் தொழிலாளர்கள் ஒரே வாரத்தில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். நேற்று குப்பத்துப் பையன், இன்று பீகார் பையன். முகம் மாறுகிறது, சந்தேகிக்கும் கண் மாறவில்லை.

கண்ணகி நகரையும் பாருங்கள். 2000 முதல் நகரின் நடுவிலிருந்து ஏழைகளைப் பெயர்த்துக் கொண்டுபோய் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் அடைத்தார்கள். வேலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. பிறகு 'கண்ணகி நகர் என்றாலே ரவுடிகள்' என்றார்கள். அங்கிருந்து வரும் பிள்ளைகள் பயோடேட்டாவில் துரைப்பாக்கம் என்று எழுதுகிறார்கள். நான் வேலை செய்யும் பகுதியில் 'அடையாறு அருகில்' என்று எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பொய் சொல்கிறாயா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. பூட்டிய கதவைத் திறக்க அவர்களுக்குக் கிடைத்த சாவி அதுதான்.

ஆனால் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றபோது, தமிழ்நாடே ஒரு வீராங்கனையை 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று அழைத்தது. முகவரியை மறைக்காமல் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட பெண். ஒரு பதக்கம் வீட்டுப் பிரச்சினையையும் போலீஸ் பதிவேட்டையும் மாற்றாது. என்றாலும் அந்தப் பெயர் இனி குற்றச் செய்திக்கு மட்டும் சொந்தமில்லை.

நாம் செய்ய வேண்டியது

தொடரைத் தடை செய் என்று கேட்பது நம் வேலை அல்ல. தடை கேட்டவர்கள் அதிகாரிகள். அதை மறுத்த தீர்ப்பு நம் பக்கம் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியவை வேறு.

ஒன்று, குற்றத் தொடர் எது வந்தாலும் கூட்டமாகப் பார்த்துவிட்டு நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தச் சட்டம் இந்தக் குற்றத்தை உருவாக்கியது? காசு யாருக்குப் போனது? பாதிக்கப்பட்டவர்களுக்கு வாழ்க்கை காட்டப்பட்டதா, சடலம் மட்டும் காட்டப்பட்டதா? இந்த இடத்தில் குற்றம் செய்யாத ஒருவராவது முழு மனிதராக வருகிறாரா? பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) இதே சென்னையின் ஹவுசிங் போர்டில்தான் நடக்கிறது. அங்கே படிப்பு, கால்பந்து, காதல், அரசியல் எல்லாம் இருந்தன. கொலையும் இருந்தது. ஆனால் கொலை அந்த இடத்தின் இயல்பாகக் காட்டப்படவில்லை, அதிகாரத்தின் விளைவாகக் காட்டப்பட்டது. வித்தியாசம் அங்கேதான்.

இரண்டு, மூல ஆவணத்தைப் படியுங்கள். ராஜகோபால் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய பத்திரிகைகள் வேண்டுமா, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியிலேயே இருக்கிறது. நாடெங்கிலும் இருந்து ஆய்வாளர்கள் வந்து போகும் அந்த இடத்துக்கு, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் நாம் போகாமல் இருக்கிறோம்.

மூன்று, இதுதான் அவசரமானது. 1988-ல் இருபது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதை நெருங்குகிறார்கள். ஐ.டி. கட்டடங்கள் வருவதற்கு முன் இந்த ஊர் எப்படி இருந்தது, எந்தக் குடிசை எந்த ஆண்டு எரிந்தது, யார் யார் எங்கே பெயர்க்கப்பட்டார்கள், சங்கர் வழக்கின்போது அப்பாவி ஆட்டோக்காரர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு ஆயாவிடம், தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் பெரியவரிடம் அனுமதி கேட்டு, கைபேசியில் பதிவு செய்யுங்கள். தேதி போடுங்கள், தெருவின் பெயர் போடுங்கள். சொல்ல விரும்பாததைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

சென்னையைப் பற்றிய அடுத்த குற்றத் தொடருக்கு யாரோ இப்போதே திரைக்கதை எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கையில் காவல்துறைக் கோப்பு இருக்கிறது. நம் கையில் என்ன இருக்கப் போகிறது என்பதை இந்த ஆண்டுக்குள் நாம் முடிவு செய்வோம்.

ஜெய் பீம்.